விபத்தின் விலாசம்

1969 மே 3. மேற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்தில் வின்னெண்டன் என்ற சிற்றூர். நீச்சல் குளத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 8 வயதுச் சிறுவன் பியோர்ன் ஸ்டைகர் மீது ஒரு கார் மோதியது. பார்த்தவர்கள் சும்மா நிற்கவில்லை. உடனே போலீசுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து சேர ஏறக்குறைய 1 மணி நேரம் ஆனது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே பையன் இறந்துபோனான். பட்ட காயங்கள் பிழைக்கக்கூடியவை. அத்தனை நேரம் கிடந்ததில் உடல் ஷாக் நிலைக்குப் போனதுதான் அவன் உயிரைக் கொண்டுபோனது.

நான் எழுத வந்தது ஒரு செய்தியின் வாழ்க்கை வரலாறு. காகிதத்தில் எழுதினால் ஒரு வரிதான் வரும்: ‘இந்த இடத்தில் விபத்து, ஆள் அனுப்புங்கள்.’ அந்த ஒரு வரி அடிபட்டவரிடமிருந்து புறப்பட்டு, உதவி செய்யக்கூடியவரின் மேஜைக்குத் தவறாமல் போய்ச் சேர மனிதர்கள் பட்ட பாடு பெரிது. அந்தக் கதையை எங்கே தொடங்கினாலும் எனக்கு வின்னெண்டன் சாலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பியோர்னின் பெற்றோர் ஊட்டே, சீக்ஃப்ரீட் ஸ்டைகர் தம்பதி அதே ஆண்டு ஜூலையில் மகன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஆம்புலன்ஸில் ரேடியோ வேண்டும், நாடு முழுவதற்கும் ஒரே அவசர எண் வேண்டும், சாலையோரத்தில் தொலைபேசி வேண்டும் என்று அவர்கள் தட்டாத கதவில்லை. 1973-இல் 110, 112 என்ற எண்களை நாடெங்கும் கொண்டுவர முடிவானதில் இந்தப் பெற்றோரின் விடாப்பிடிக்குப் பெரும் பங்கு உண்டு. சாலையோரங்களில் அவசரத் தொலைபேசிகளும் வரிசையாக நின்றன.

ஜெர்மனியின் ஆட்டோபான் விரைவுச்சாலைகளில் இன்றும் ஆரஞ்சு நிறத் தொலைபேசிக் கம்பங்களைப் பார்க்கலாம். சாலை விளிம்பில் நட்டிருக்கும் சிறிய வெள்ளைக் குச்சிகளின் தலையில் ஒரு கறுப்பு அம்புக்குறி இருக்கும். பக்கத்துத் தொலைபேசி எந்தத் திசையில் என்று அது காட்டும். வண்டி பழுதாகி இருட்டில் நிற்பவர் அம்பைப் பார்த்து நடந்தால் போதும். அந்தக் கம்பத்தின் பெருமை அதில் இருந்த தொலைபேசி அல்ல. தான் எந்தச் சாலையில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது கம்பத்துக்குத் தெரியும். பேசுபவர் தடுமாறினாலும், ஊர் தெரியாதவராக இருந்தாலும், எதிர்முனையில் இருப்பவருக்கு இடம் தெரிந்துவிடும்.

பிறகு செல்போன் வந்தது. தொலைபேசி சட்டைப்பைக்குள் ஏறியது; விலாசம் தொலைந்தது. வீட்டுத் தொலைபேசிக்கு வீட்டு முகவரி உண்டு, சாலைக் கம்பத்துக்குக் கிலோமீட்டர் எண் உண்டு. செல்போனுக்கு என்ன உண்டு? எந்த டவரின் வழியாகப் பேசுகிறார் என்பது மட்டும் தெரியும். கிராமப்புறத்தில் ஒரு டவரின் எல்லை பல கிலோமீட்டர் விரியும். அந்த வட்டத்துக்குள் எங்கோ ஓர் ஓடைக்குள் கார் கவிழ்ந்து கிடக்கிறது என்பது ஒரு தகவலாகவே ஆகாது. அமெரிக்காவில் அவசர எண்ணான 911-க்குச் செல்போனில் வரும் அழைப்புகள் பெருகியபோது இந்தக் குறை பூதாகாரமாகத் தெரிந்தது. அழைப்பவர் இருக்கும் இடத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்று 1996-இல் அந்நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம் செல்போன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

தொலைந்த விலாசத்தைக் கண்டுபிடித்துத் தரும் கருவி அதற்குள் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அது அங்கே போனது விபத்தில் சிக்கியவர்களுக்காக அல்ல.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. அமெரிக்காவின் மேரிலாந்தில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் இயற்பியலாளர்கள் அதன் ‘பீப் பீப்’ ஒலியை ஒரு ரேடியோவில் பிடித்துக் கேட்டார்கள். ஊதிக்கொண்டே வரும் ரயில் நம்மைக் கடந்து போகும்போது ஊதல் சட்டென்று தாழ்வதைக் கேட்டிருப்போம். ஸ்புட்னிக்கின் சிக்னலும் அப்படியே நெருங்கும்போது உயர்ந்தது, விலகும்போது தாழ்ந்தது. அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து அது எந்தப் பாதையில் சுற்றுகிறது என்று இருவரும் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர் ஃபிராங்க் மெக்ளூர் அவர்களைக் கூப்பிட்டு, கணக்கைத் திருப்பிப் போட முடியுமா என்று கேட்டார். கேட்கும் இடம் தெரிந்தால் செயற்கைக்கோளின் பாதை கிடைக்கிறது. செயற்கைக்கோளின் பாதை முன்பே தெரிந்திருந்தால் கேட்கிற இடம் கிடைக்குமா? கிடைக்கும். அன்று ஆராய்ச்சியாளர்களின் மனதில் இருந்தது பொலாரிஸ் ஏவுகணை சுமந்த நீர்மூழ்கிக் கப்பல். நடுக்கடலில் தான் எங்கே மிதக்கிறோம் என்று துல்லியமாகத் தெரியாவிட்டால் அதன் ஏவுகணை இலக்கில் போய் விழாது. இப்படிப் பிறந்த ‘டிரான்சிட்’ என்ற ஏற்பாடு 1964-இல் கடற்படைக்குப் பயன்படத் தொடங்கியது. ஆனால் ஒரு செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும்வரை காத்திருந்து, அது கடந்து போகும் நிமிடங்கள் முழுக்கக் கேட்க வேண்டும். கப்பலுக்கு அந்தப் பொறுமை உண்டு; ஓடும் காருக்குக் கிடையாது.

1973-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஜி.பி.எஸ். திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. விமானப்படை அதிகாரி பிராட்ஃபோர்ட் பார்க்கின்சன் அதை நடத்தினார். முதல் செயற்கைக்கோள் 1978 பிப்ரவரியில் மேலே போனது. 24 செயற்கைக்கோள்களும் அமைந்து திட்டம் முழுமையானது 1995-இல். இடையில் 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சகாலின் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டார்கள். அதே மாதம் அதிபர் ரீகனின் அரசு, ஜி.பி.எஸ். தயாரானதும் பொதுமக்கள் பயணங்களுக்கும் அது கிடைக்கும் என்று உலகத்துக்கு அறிவித்தது. நமக்குக் கிடைத்த இந்த வசதிக்குப் பின்னால் அந்த 269 பேரும் இருக்கிறார்கள்.

பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். செயற்கைக்கோள் நம் காரைப் பார்ப்பதில்லை. நம் கார் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ‘நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பது மட்டுமே அதன் வேலை. அந்தக் குரல் தரைக்கு வர ஒரு வினாடியில் ஏறக்குறைய 15-இல் ஒரு பங்கு நேரம் ஆகும். வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் தெரியுமா? ஒரு வாட்டை நூறு கோடி கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அதைப் பிடித்து, எத்தனை நேரம் பயணம் செய்து வந்தது என்று பார்த்து, அதிலிருந்து தூரத்தைக் கணக்கிடுவது காருக்குள் இருக்கும் சிறு சில்லு. இடத்தைக் குறிக்க மூன்று செயற்கைக்கோள் போதும் என்று தோன்றும். காரில் இருப்பது மலிவான கடிகாரம் என்பதால், அதன் பிழையைத் திருத்த நான்காவதும் வேண்டும். கடிகாரம் ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகும். அணுக்கடிகாரங்கள் மேலே போக வேண்டி வந்தது இதனால்தான். உயரத்தில் காலம் ஓடும் வேகமே மாறுகிறது என்று ஐன்ஸ்டைன் சொன்னதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குப் பிழை சேர்ந்துவிடும்.

ஆக, வானம் இடத்தைச் சொல்லித் தருவதோடு சரி. ஆபத்து என்று கத்த வேண்டியது கார்தான்.

அந்தக் குரல் 1996-இல் அமெரிக்காவில் எழுந்தது. ஃபோர்டு நிறுவனம் லிங்கன் கான்டினென்டல் காரில் ‘ரெஸ்கியூ’ என்ற அவசர அழைப்பு வசதியைக் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் அதே ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் ‘ஆன்ஸ்டார்’ திட்டத்தை அறிவித்து, இலையுதிர் காலத்தில் கேடிலாக் கார்களில் கொண்டுவந்தது. ஜி.பி.எஸ். கருவி, செல்போன், ஏர்பேக் ஆகிய மூன்றையும் ஒரு கம்பியில் கோத்ததுதான் அதன் சாதனை. ஏர்பேக் விரிந்தால் கார் தானாகவே ஆன்ஸ்டார் மையத்தை அழைக்கும். அங்கிருப்பவரின் திரையில் வரைபடமும் புள்ளியும் தெரியும். காருக்குள் இருந்து பதில் வராவிட்டால் பக்கத்து ஊரின் மீட்புப் பணியாளருக்கு அவர் தகவல் சொல்வார். மயங்கிக் கிடப்பவருக்காக வண்டி பேசத் தொடங்கியது அப்போதுதான்.

அன்றைக்குப் பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலங்கலாக்கி வைத்திருந்தது. காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப் போகலாம். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளின்டன் உத்தரவில் அந்தத் திரை விலகியது. ஒரே இரவில் உலகத்தின் அத்தனை கருவிகளுக்கும் பார்வை தெளிந்தது.

ஆனால் பணக்காரர் வாங்கும் காரில், மாதாமாதம் சந்தா கட்டினால் கிடைக்கும் வசதியாகவே இது இருந்தது. எல்லாருடைய காரிலும், காசு கேட்காமல், சட்டப்படி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க வேறு மனம் வேண்டும். ரஷ்யா ‘எரா-குளோனாஸ்’ என்ற பெயரில் 2015-இல் இதைத் தொடங்கி 2017 முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் பல ஆண்டுகள் பேசிப் பேசி, நிறுவனங்கள் தாமாகச் செய்யும் என்று காத்திருந்து பார்த்து, கடைசியில் 2015-இல் சட்டம் இயற்றியது. 2018 மார்ச் 31 முதல் புதிதாக ஒப்புதல் பெறும் ஒவ்வொரு கார் வகையிலும் ‘இ-கால்’ கருவி இருந்தாக வேண்டும்.

ஐரோப்பியக் காரில் ஏறி உட்கார்ந்தால் தலைக்கு மேல், உட்புறக் கண்ணாடிக்கு அருகில், ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். பெரும்பாலும் கை தவறிப் படாதபடி ஒரு மூடி போட்டிருப்பார்கள். உள்ளே ஒரு சிம் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்குகிறது என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: சட்டம் கேட்கும் இ-கால் மட்டும் உள்ள கருவி, விபத்து நடக்கும்வரை எந்த டவரிலும் தன்னைப் பதிவு செய்துகொள்ளாது. கார் எங்கெல்லாம் போனது என்ற விவரத்தையும் அழித்துக்கொண்டே வரும். கடைசி மூன்று இடங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உளவு பார்க்கும் கருவியாக இது மாறிவிடக் கூடாதே என்ற பயம் ஐரோப்பியர்களுக்கு இருந்தது. நியாயமான பயம். அதற்குச் சட்டத்திலேயே பூட்டுப் போட்டார்கள்.

மோதல் நடந்து ஏர்பேக் விரிந்ததும் சிம் விழிக்கிறது, அவசர எண்ணான 112-ஐ அழைக்கிறது. பேச்சு தொடங்குவதற்கு முன்னால் ஒரு சிறு பொதியை அனுப்புகிறது. அதன் அளவு 140 பைட். பழைய எஸ்.எம்.எஸ். ஒன்றின் கொள்ளளவும் அதுவே. அந்தப் பொதியைச் சற்று பிரித்துப் பார்ப்போம். கார் தானாக அழைத்ததா, மனிதர் பொத்தானை அழுத்தினாரா என்பது இருக்கும். நேரம் இருக்கும். வண்டியின் அடையாள எண் இருக்கும். ஓடுவது பெட்ரோலிலா, டீசலிலா, எரிவாயுவிலா, பேட்டரியிலா என்பது இருக்கும். நொறுங்கிய தகட்டை வெட்டப் போகும் தீயணைப்பு வீரருக்கு இது உயிர் காக்கும் தகவல். எத்தனை பேர் சீட் பெல்ட் போட்டிருந்தார்கள் என்பதும் இருக்கலாம். நடுவில் இருப்பது இடம்: அட்சரேகை, தீர்க்கரேகை.

இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று உண்டு. வண்டி எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பது. மோதிய இடத்துக்கு முந்தைய இரண்டு இடங்களையும் கூடவே அனுப்ப வழி வைத்திருக்கிறார்கள். இதை யோசித்துச் சேர்த்தவர் யாராக இருந்தாலும், ஒருமுறையாவது மீட்பு வண்டியில் உட்கார்ந்து போனவராகத்தான் இருக்க வேண்டும். நடுவில் தடுப்பு ஓடும் விரைவுச்சாலையில் புள்ளி சரியாக இருந்தும் பக்கம் தவறினால், ஆம்புலன்ஸ் அடுத்த வெளிவழிவரை ஓடித் திரும்பி வர வேண்டும். அடிபட்டவர் பத்து மீட்டர் தள்ளித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கிடப்பார். மேம்பாலத்துக்கு மேலா, கீழே சர்வீஸ் ரோட்டிலா என்ற குழப்பமும் அப்படித்தான்.

2018-இல் வந்த இந்த இ-கால் முறையில் பொதி இணையத்தின் வழியாகப் போவதில்லை. எண்கள் ஒலியாக மாறி, பேசும் குரல் போகும் அதே தடத்தில், பழைய ஃபேக்ஸ் இரைவது போல இரைந்துகொண்டு சில வினாடிகளில் போகின்றன. கிடைத்தது என்று மையம் பதில் சொன்னதும் இரைச்சல் நிற்கும், மனிதக் குரல் வரும். ‘கேட்கிறதா? அடிபட்டிருக்கிறதா?’ என்று காரின் ஒலிபெருக்கி கேட்கும். பதில் இல்லாவிட்டாலும் மீட்பு வண்டி புறப்பட்டுவிடும். அழைப்பு முடிந்த பிறகும் கருவி உடனே தூங்கப் போகாது. மையத்தில் இருப்பவர் திரும்பக் கூப்பிடலாம் என்பதற்காக ஒரு மணி நேரமாவது விழித்திருக்கும். உதவி வந்து சேரும் நேரம் நகரத்தில் 40 சதவீதமும் கிராமப்புறத்தில் 50 சதவீதமும் குறையலாம் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் மதிப்பீடு.

இந்தச் செய்திக்கு ஒரு பலவீனம் உண்டு. அது ஏறிப் போகும் வண்டி செல்போன் வலையமைப்பு. அமெரிக்காவில் 2008-இல் பழைய அனலாக் செல்போன் சேவை மூடப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த ஆன்ஸ்டார் கார்கள் ஊமையாகின. கார் ஓடியது, ஜி.பி.எஸ். இடத்தைச் சொன்னது, கேட்பதற்குத்தான் எதிரே ஆளில்லை. ஐரோப்பாவில் 2ஜி, 3ஜி சேவைகள் ஒவ்வொரு நாடாக மூடப்பட்டுவரும் வேளையில் அதே ஆபத்து இ-கால் கார்களுக்கும் வந்திருக்கிறது. கார் 15 ஆண்டு ஓடும் என்று தெரிந்தே, அதைவிட முன்னால் அணைந்துபோகக்கூடிய சேவையில் அதன் உயிர்க்குரலைக் கட்டிவைத்தது முன்யோசனை இல்லாத செயல் என்றே நான் நினைக்கிறேன்.

வின்னெண்டனுக்குத் திரும்புகிறேன். இத்தனை கருவிகளும் 1969-இல் இருந்திருந்தால் பியோர்ன் பிழைத்திருப்பானா? அவன் காருக்குள் இருக்கவில்லை, நடந்து வந்தான். ஒரு குழந்தை மீது மோதுவதால் பெரும்பாலும் ஏர்பேக் விரியாது. கார் யாரையும் அழைத்திருக்காது. அன்று அவனுக்காகப் பேசியவர்கள் வழிப்போக்கர்கள். இன்றும் நடந்து போகிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் அவர்களே கதி. அதனால் செய்தியின் அடுத்த வடிவம் வழிப்போக்கரின் கைக்கு வந்தது. பிரிட்டனில் 2014-இல் தொடங்கிய ஒரு முறைப்படி, அவசர எண்ணை அழைத்த நொடியில் செல்போனே தன் இருப்பிடத்தைக் கண்டுபிடித்து மையத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிடும். 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஸ்மார்ட்போன்கள் எல்லாம் 112-க்கு இப்படி இடம் சொல்ல வேண்டும் என்பது விதி.

நம் நாட்டுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105. 2019 முதல் புதிய பேருந்துகளிலும் டாக்சிகளிலும் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது. புதிய கார்கள் சிலவற்றின் கூரையில் எஸ்.ஓ.எஸ். பொத்தானும் வந்துவிட்டது. டி.வி.எஸ். 50-இல் காய்கறி மூட்டையோடு போகிறவருக்கு அதெல்லாம் உதவாது. அவருக்காகப் பேச வேண்டியவர் பின்னால் வரும் நீங்களும் நானும்தான்.

பேசினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயம் இனி வேண்டாம். 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவி செய்பவருக்குப் பாதுகாப்புத் தந்திருக்கின்றன. பெயர் சொல்லும்படிக்கூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் இருக்கிறது. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. நடுவே விட்டுப்போவது அந்த ஒரு வரி: எந்த இடம்?

‘பைபாஸ்ல, ஒரு டீக்கடை தாண்டி’ என்று சொன்னால் ஓட்டுநர் எந்த டீக்கடையைத் தேடுவார்? சாலையோரத்தில் கிலோமீட்டர் கல் நிற்கிறது. தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இடையில் 200 மீட்டருக்கு ஒரு சிறு கல்லும் உண்டு. சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் எண் எழுதியிருக்கும். ஆட்டோபானின் ஆரஞ்சுக் கம்பத்தைப் போல இந்தக் கல்லுக்கும் தான் நிற்கும் இடம் தெரியும். 108-ஐ அழைக்கும்போது கல்லில் இருக்கும் ஊர்ப் பெயரையும் எண்ணையும் படித்துச் சொல்லுங்கள். எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். செல்போனில் லொகேஷனை இயக்கி வையுங்கள். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை அந்தப் போனில் வேறு யாரிடமும் பேசாதீர்கள். வழி கேட்டு அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள்.